கமராவுக்கு முன்னால் ஒரு கோணங்கித்தனம்: அமைத்தெடுக்கும் ஒளிப்படங்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

திருகோணமலைப் பக்கம், நிலாவெளியிலோ உப்புவெளியிலோ ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கடற்கரைப் பக்கம் போனால், ஒரு கல்யாணச் சோடியாவது படம் எடுத்துக்கொண்டிருக்கும். மாப்பிள்ளை கோட் போட்டு, காற்சட்டையை முழங்கால் மட்டும் மடித்துவிட்டிருப்பார். பொம்பிளையின் சேலைத் தலைப்பை ஒரு பெடியன் தூக்கி எறிவான். எறிந்த கையோடு குனிந்து, படத்தில் விழாமல் ஓடுவான். "அண்ணா, அக்காவைப் பார்த்துச் சிரியுங்கோ, சிரிப்புக் காணாது" என்று போட்டோக்காரர் கத்துவார். திரும்பத் திரும்ப எறிந்து, கடைசியில் ஒருதரம் தலைப்பு வடிவாக விரியும். அல்பத்தில் பார்க்கிறவருக்கு அது தற்செயலாகக் காற்றடித்துப் பறந்த மாதிரி இருக்கும்.

சாமத்திய வீட்டு அல்பத்தை எடுங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை விரிந்த தாமரைக்குள் அமர்ந்திருக்கும். அடுத்த பக்கத்தில் அதே பிள்ளை நாலு பேராக நின்று தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். பின்னால் சுவிட்சர்லாந்து மலை. யாரும் இதை விசித்திரம் என்று சொல்வதில்லை. "நல்லா வந்திருக்கு" என்றுதான் சொல்வார்கள்.

இப்போது அதே கடற்கரை, அதே மாப்பிள்ளை, அதே கோட். ஆனால் பக்கத்தில் பொம்பிளை இல்லை. ஒரு பெரிய பாரை மீனைக் கைக்குழந்தை ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் கமராவை நேராகப் பார்க்கிறார். அல்பத்தைப் புரட்டும் மாமி என்ன சொல்வார்? "உவனுக்கென்ன, விசரே?"

அந்தக் கேள்வி எழும் இடத்தில்தான் நான் இங்கே சொல்லவரும் கலை தொடங்குகிறது. தாமரைக்குள் பிள்ளை அமர்வதும் மீனை ஏந்தி மாப்பிள்ளை நிற்பதும் ஒரே அளவுக்குப் பொய். இரண்டும் கமராவுக்காகச் செய்யப்பட்டவை. ஒன்றை ஊர் ஒப்புக்கொண்டிருக்கிறது, மற்றதை ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு. அபத்தமாக அமைத்தெடுத்த ஒரு படம், நாம் ஒப்புக்கொண்ட படங்களும் அமைத்தெடுத்தவைதான் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மாமிக்குக் கோபம் வருவது அதனால்தான் என்பது என் எண்ணம்.

பஸ் நிலையத்து மான்

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். விசித்திரமான படம் எல்லாம் அமைத்தெடுத்த படம் அல்ல.

திருகோணமலைக்காரருக்கு இதை விளக்குவது சுலபம், ஏனென்றால் இந்த ஊரே கொஞ்சம் விசித்திரம். பிரெட்ரிக் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் டவுனுக்குள் வந்து, பஸ் நிலையத்தடியில், மரக்கறிக் கழிவுக்கும் முச்சக்கர வண்டிக்கும் நடுவில் படுத்து அசைபோடும். வெளியூர்க்காரர் உடனே கமராவைத் தூக்குவார். நாங்கள் மானைச் சுற்றிக்கொண்டு போய் மூதூர் பஸ்ஸைப் பிடிப்போம். அந்த வெளியூர்க்காரர் எடுத்த படம் கண்டெடுத்த படம். உலகம் அப்படிக் கிடந்தது, அவர் பார்த்தார், எடுத்தார்.

அதே பஸ் நிலைய வாங்கில், வேலைக்குப் போகும் உடுப்பில் மான் முகமூடி போட்ட ஒருவர், மடியில் சாப்பாட்டுப் பார்சலோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார் என்று வையுங்கள். அது அமைத்தெடுத்த படம். யாரோ முகமூடி செய்தார், ஒருவரை உட்காரச் சொன்னார், எந்த உடுப்பு, எந்த நேரம், எந்த வாங்கு என்று முடிவெடுத்தார். முதல் படம் "இப்படியும் இருக்கிறது" என்கிறது. இரண்டாவது "இப்படி இருந்தால் என்ன?" என்று கேட்கிறது. 1976இல் ஏ. டி. கோல்மன் என்ற அமெரிக்க விமர்சகர் இந்த இரண்டாவது வகையைத் தனியாகப் பிரித்து, நாடகத்தில் நெறியாளர் செய்வதையே இந்தக் கலைஞர்கள் கமராவுக்கு முன்னால் செய்கிறார்கள் என்று எழுதினார். அதற்குப் பிறகுதான் இதற்கென்று ஒரு பெயரும் மரியாதையும் வந்தது. ஆனால் வேலை அதைவிட மிகப் பழையது. எவ்வளவு பழையது என்றால், ஒளிப்படம் கண்டுபிடித்த கையோடு தொடங்கிவிட்டது.

செத்துப்போனதாகப் படம் எடுத்தவர்

இப்போலித் பயார் பிரான்ஸ் நிதி அமைச்சில் ஒரு எழுதுவினைஞர். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் வெளிச்சத்தைத் தாளில் பிடிக்கும் ஒரு முறையைத் தானாகவே கண்டுபிடித்தார். அதே காலத்தில் தகேர் என்பவர் வேறொரு முறையைக் கண்டுபிடித்திருந்தார். தகேருக்குச் செல்வாக்கான விஞ்ஞானி அராகோவின் ஆதரவு இருந்தது. 1839இல் பிரெஞ்சு அரசு தகேரின் முறையை வாங்கி, அவருக்கு ஆயுளுக்கும் ஓய்வூதியம் கொடுத்தது. பயார் அதே ஆண்டு ஜூன் மாதம் 30 படங்களைக் காட்சிக்கு வைத்தும் அவரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

மனு எழுதலாம். பத்திரிகைக்குக் கடிதம் போடலாம். பயார் செய்தது வேறு. 1840இல் மேல் உடம்பில் சட்டை இல்லாமல், இடுப்புக்குக் கீழே துணியால் போர்த்திக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து, கண்ணை மூடி உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு வைக்கோல் தொப்பி. அப்படியே தன்னைப் படம் எடுத்தார். படத்தின் பின்பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார்: நீங்கள் பார்ப்பது பயார் அவர்களின் பிணம், அரசு தகேருக்கு எல்லாம் கொடுத்துவிட்டு இவருக்கு ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிரித்ததால் பாவம் நீரில் மூழ்கிச் செத்துப்போனார், பிணவறையில் பல நாள் கிடந்தும் யாரும் வந்து அடையாளம் காட்டவில்லை, முகமும் கையும் அழுகத் தொடங்கிவிட்டன, ஆகவே மூக்கைப் பொத்திக்கொண்டு நகருங்கள்.

படத்தைப் பார்த்தால் முகமும் கையும் உண்மையாகவே கறுத்துத்தான் இருக்கின்றன. வெயிலில் வேலைசெய்து கறுத்த தோல், அந்தக் காலத்து இரசாயனத்தில் இன்னும் கறுப்பாக விழுந்திருக்கிறது. அதை அவர் 'அழுகல்' ஆக்கிவிட்டார். பல நிமிடம் அசையாமல் இருந்தால்தான் படம் விழும் காலம் அது. கண்ணை மூடிக்கொண்டிருப்பது பெரிய வசதி. பிணமாக நடிப்பதற்கு அதைவிட நல்ல காரணம் உண்டா? தொழில்நுட்பத்தின் குறைகள் எல்லாவற்றையும் எடுத்துக் கதைக்குள் போட்டுக்கொண்டார். நான் இந்தப் படத்தை எத்தனை பேருக்குக் காட்டினாலும் சலிப்பதில்லை. முதலில் பாவம் பார்ப்பார்கள், குறிப்பை வாசித்ததும் சிரிப்பார்கள், பிறகு திரும்பவும் பாவம் பார்ப்பார்கள்.

செத்த மனிதர் தன் படத்தைத் தானே எடுக்க முடியாது. அது அபத்தம். செல்வாக்குள்ளவர் பக்கம் சாய்ந்த அரசிடம் கெஞ்சாமல் அதைக் கேலி செய்தார். அது மரபுமீறல். ஒளிப்படம் பிறந்து ஓரிரு ஆண்டுக்குள் இரண்டும் ஒரே படத்தில் வந்துவிட்டன. பயார் அதற்குப் பிறகும் 1887 வரை உயிரோடிருந்து, நிறையப் படம் எடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இலங்கைக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. ஜூலியா மார்கரெட் கமரன் கல்கத்தாவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்தவர். 48 வயதில்தான் கமரா கைக்கு வந்தது. வீட்டில் வேலைசெய்த பெண்ணுக்குப் போர்வை போர்த்தி மாதாவாக உட்காரவைப்பார், அயலவரை அரசராக்குவார். படம் தெளிவில்லாமல் கலங்கலாக இருக்கிறது என்று அன்றைய ஒளிப்படச் சங்கத்தார் முகம் சுளித்தார்கள். அவர் கேட்கவில்லை. 1875இல் குடும்பத்தோடு இலங்கைக்கு வந்தார், 1879இல் மலையகத்தில் இறந்தார், பொகவந்தலாவையில் புதைக்கப்பட்டிருக்கிறார். கொழும்பில் லயனல் வென்ட் (1900–1944) அடுத்த நூற்றாண்டில் வேறு வழியில் இதைத் தொடர்ந்தார். இருட்டறையில் படங்களை ஒன்றன்மேல் ஒன்று படியவைத்தும், ஒளி நிழலைத் தலைகீழாக்கியும், கனவில் வருகிற மாதிரியான படங்கள் செய்தார்.

அபத்தம் எப்படி வேலை செய்கிறது

புதிதாக முயல்கிறவர்கள் எல்லோரும் விழும் ஒரு குழி இருக்கிறது. அபத்தம் என்றால் எல்லாவற்றையும் கோணலாக்குவது என்று நினைக்கிறார்கள். முகத்துக்குச் சாயம், தலையில் வாளி, கையில் கிற்றார், பின்னால் புகை, கமராவும் சரிவு. அப்படிச் செய்தால் பார்ப்பவர் ஒரு நொடியில் "ஓ, கலைப் படம்" என்று பெயர் வைத்துவிட்டுப் போய்விடுவார். சோற்றில் ஒரு கல் கடிபட்டால்தான் திடுக்கிடுவோம். கோப்பை முழுக்கக் கல்லாக இருந்தால் வாயிலேயே வைக்கமாட்டோம். படத்தில் ஒன்று மட்டும் பிசக வேண்டும். மற்றதெல்லாம் அடையாள அட்டைப் படம்போலச் சாதாரணமாக இருக்க வேண்டும். முக்கியமாக, படத்துக்குள் இருப்பவருக்கு அந்தப் பிசகு தெரியவே கூடாது. மீனை ஏந்திய மாப்பிள்ளை சிரித்துவிட்டால் அது பகிடிப் படம். சிரிக்காமல், பெருமையோடு நின்றால்தான் நமக்குள் ஏதோ நெளியும்.

அமெரிக்கக் கலைஞர் சாண்டி ஸ்கோக்லண்ட் 1980இல் செய்த ஒரு படம் இதற்கு நல்ல பாடம். பழைய வீட்டுக் குசினி. சுவர், மேசை, குளிர்சாதனப் பெட்டி, வயதான கணவன் மனைவி உடுப்பு எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அவர் கதிரையில் இருக்கிறார், மனைவி குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். அறை முழுக்க, மேசைமேல், கதிரைமேல், நிலத்தில், பச்சைப் பச்சையாகப் பூனைகள். எல்லாப் பூனைகளும் கலைஞர் கையால் செய்த உருவங்கள். பெயர் 'கதிரியக்கப் பூனைகள்'. அந்த இரண்டு கிழவர்களும் பூனைகளை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை என்பதுதான் படத்தின் உயிர். அணுகுண்டு பற்றி எத்தனை பக்கம் எழுதினாலும் அந்த அலட்சியம் கிடைக்காது.

எல்லா அபத்தமும் இப்படி அடக்கமாக இருக்க வேண்டும் என்பதில்லை, விதிவிலக்கு உண்டு. 1948இல் போட்டோக்காரர் பிலிப் ஹால்ஸ்மன் எடுத்த, ஓவியர் சல்வடோர் டாலியின் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். டாலி அந்தரத்தில் குதிக்கிறார், மூன்று பூனைகள் பறக்கின்றன, தண்ணீர் வளைந்து ஓடுகிறது, கதிரையும் ஓவியச் சட்டங்களும் நிலத்தில் படாமல் நிற்கின்றன. அப்போது கணினியில் ஒட்டுப்போடும் வசதி கிடையாது. சட்டங்களை மெல்லிய கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள். கதிரையை ஹால்ஸ்மனின் மனைவி தூக்கிப் பிடித்திருந்தார். மூன்று எண்ணும்போது உதவியாளர்கள் பூனையையும் தண்ணீரையும் எறிவார்கள், நாலு எண்ணும்போது டாலி குதிப்பார். பிறகு ஹால்ஸ்மன் ஓடிப்போய்ப் படத்தைக் கழுவிப் பார்ப்பார். மற்றவர்கள் நிலத்தைத் துடைத்து, பூனைகளைத் தேடிப் பிடித்து, துவட்டிவிடுவார்கள். 28 தரம் இப்படி. ஐந்தாறு மணித்தியாலம். இன்று யாராவது பூனையை எறிந்தால் ஊர் சும்மா விடாது, விடவும் கூடாது. ஆனால் கவனிக்க வேண்டியது அந்த உழைப்பு. ஒரு நொடி விசர்த்தனம்போல் தெரிவதற்குப் பின்னால் கல்யாண வீட்டுச் சமையலுக்குக் குறையாத ஏற்பாடு இருந்தது.

மூன்றாவதாக ஒரு படம், எனக்கு மிகப் பிடித்தது. 1997, பெய்ஜிங். சாங் ஹுவான் என்ற கலைஞர், கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்த கூலியாட்களை 40 பேர் அளவில் கூட்டிக்கொண்டு ஒரு மீன்குளத்துக்குள் இறங்கினார். அவர் தோளில் ஒரு சின்னப் பையன். எல்லோரும் நெஞ்சளவுத் தண்ணீரில் பேசாமல் நின்றார்கள். எதற்கு? குளத்து நீர்மட்டத்தை உயர்த்துவதற்கு. படத்தின் பெயரே அதுதான். நீர்மட்டம் உயர்ந்திருக்கும், ஒரு விரற்கடையோ இரண்டோ. வெளியே வந்ததும் திரும்பவும் இறங்கியிருக்கும். மனிதர் அர்த்தம் தேடிக்கொண்டே இருப்பார், உலகம் பதில் சொல்லாது, அந்த இடைவெளிதான் அபத்தம் என்று பிரெஞ்சு எழுத்தாளர் அல்பேர் கம்யூ 1942இல் கல்லுருட்டும் சிசிபஸ் கதையை வைத்து எழுதினார். குளத்துக்குள் நிற்கும் அந்த முகங்களைப் பார்த்தால் கம்யூவை வாசிக்காமலே விஷயம் விளங்கும். அத்தோடு இன்னொன்றும் விளங்கும்: நகரத்தைக் கட்டுகிறவர்கள், நகரத்தின் எந்தப் படத்திலும் இல்லாதவர்கள், இங்கே நடுவில் நிற்கிறார்கள்.

யார் சொன்ன மாதிரி நிற்பது?

மரபுமீறல் என்றதும் கிழிந்த உடுப்பையும் நிற நிறத் தலைமயிரையும் நினைக்கிறவர்கள் உண்டு. ஒளிப்படத்தில் அது வேறு இடத்தில் இருக்கிறது.

கமராவுக்கு முன்னால் நிற்கும் ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு கட்டளை இருக்கிறது. அடையாள அட்டைக்கு ஸ்டூடியோவுக்குப் போங்கள்: வாயை மூடுங்கோ, நேரே பாருங்கோ, காது தெரியவேணும். கல்யாணத்துக்கு: சிரியுங்கோ, தோளில் சாயுங்கோ. வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு அனுப்பும் படத்துக்கு: அடக்கமாக, ஆனால் வடிவாக. யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் நின்றவர்களுக்குத் தெரியும், படத்தில் இருப்பதும் முகத்தில் இருப்பதும் ஒன்றாக இல்லாவிட்டால் என்ன பாடு என்று. படம் என்பது நமக்கு நெடுங்காலம் 'நான் ஒழுங்கான ஆள்' என்ற அத்தாட்சியாகவே இருந்திருக்கிறது. அந்தக் கட்டளைக்குப் பணியாமல் நிற்பதுதான் இந்தக் கலையில் மரபுமீறல்.

பிரெஞ்சுக் கலைஞர் குளோட் கஹூன் 1920களிலேயே தலையை மழித்து, ஒரு படத்தில் பளுதூக்கும் வீரராக, இன்னொன்றில் பொம்மையாக, வேறொன்றில் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத ஒருவராகத் தன்னை எடுத்தார். இது வெறும் வேடப் பிரியம் இல்லை என்பது பின்னால் தெரிந்தது. அவர் வாழ்ந்த ஜேர்சித் தீவை நாசிப் படை பிடித்திருந்தபோது, அவரும் துணைவி மார்சல் மூரும் ஜேர்மன் சிப்பாய்களின் மனதைக் கலைக்கும் துண்டுப் பிரசுரங்களை எழுதி இரகசியமாகப் பரப்பினார்கள். 1944இல் பிடிபட்டு மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. தண்டனை நிறைவேறவில்லை, யுத்தம் முடிந்து தீவு மீண்டபோது விடுதலையானார்கள்.

சாமுவேல் ஃபோசோவின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். நைஜீரியாவின் பியாஃப்ரா யுத்தத்தில் தப்பிய பிள்ளை அவர். மத்திய ஆபிரிக்கக் குடியரசின் பாங்கி நகரில், 1975இல், 13 வயதில் சொந்தமாக ஸ்டூடியோ தொடங்கினார். பகலில் வாடிக்கையாளர் படம். கடை பூட்டியதும், படச்சுருளில் மிஞ்சிய சட்டங்களில் தன்னையே எடுப்பார்: அகலக் குழாய்க் காற்சட்டை, உயர்ந்த சப்பாத்து, கறுப்புக் கண்ணாடி. நைஜீரியாவில் இருந்த பாட்டிக்கு அனுப்பி, நான் நல்லாய்த்தான் இருக்கிறேன் என்று காட்டுவதற்குத்தான் முதலில் எடுத்தாராம். புலம்பெயர்ந்த பிள்ளைகளிடமிருந்து அப்படிப் படங்கள் வந்த வீடுகள் இங்கே எத்தனை! வேறொருவருடைய கார்மேல் சாய்ந்து நின்று எடுத்த படங்களும் அதில் இருக்கும்.

அமெரிக்கக் கலைஞர் சிண்டி ஷெர்மன் 1977 தொடங்கி 1980 வரை சினிமாக் காட்சிகள்போல எடுத்த கறுப்பு வெள்ளைத் தொடரையும் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 70 படங்கள். எல்லாவற்றிலும் அவரே நாயகி, ஆனால் அப்படி ஒரு சினிமாவும் கிடையாது. பயந்த பெண், காத்திருக்கும் பெண், நகரத்துக்குப் புதிதாக வந்த பெண். 'இந்தக் காட்சியை எங்கேயோ பார்த்திருக்கிறேனே' என்று நாம் நினைக்கிறோம். எங்கேயும் பார்த்ததில்லை. சினிமா பெண்களுக்குக் கொடுக்கும் நாலைந்து வேடங்கள் அவ்வளவு பழகிப்போயிருக்கின்றன, அவ்வளவுதான். இந்தியாவில் கலைஞர் புஷ்பமாலா, போட்டோக்காரர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை இதைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார். ரவிவர்மா வரைந்த லட்சுமியாக நின்றார். வெள்ளைக்காரர் பழங்குடிப் பெண்களைக் கட்டம் போட்ட திரைக்கு முன்னால் நிறுத்தி அளந்து எடுத்த படங்களைப்போலவும் நின்றார். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு, பழைய நூல்களில் வரும் 'இன்ன சாதிப் பெண்' என்ற படங்களை முன்புபோல் பார்க்க முடியாது.

நம் நாட்டுக் கலைஞர் அனோலி பெரேரா 2010–11இல் செய்த தொடரை நான் எப்போதும் பரிந்துரைப்பேன். பழைய குடும்பப் படங்களில் வருவதுபோலப் பெண்கள் கதிரையில் மிடுக்காக அமர்ந்திருக்கிறார்கள். உடுப்பு ஒழுங்கு, கை மடியில். ஆனால் தலைமயிர் முழுவதும் முன்னால் விழுந்து முகத்தை மூடியிருக்கிறது. அவ்வளவுதான் மாற்றம். விரித்த கூந்தலோடு ஒரு பெண் இருப்பதற்கு நம் ஊரில் என்னென்ன அர்த்தம் சொல்வார்கள் என்று யோசியுங்கள்: செத்த வீடு, பேய், சாபம், பாஞ்சாலி. முகம் காட்டத்தான் படம் எடுப்பது என்ற அடிப்படையையே அந்த ஒரு செயல் உடைத்துவிடுகிறது.

கூத்துப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்கத் தேவையில்லை. ராசா கொலுவுக்கு வருமுன் கட்டியகாரன் வந்து அவர் பெருமையைக் கூறுவான். கூறுகிற சாக்கில் அதே ராசாவைப் பகிடியும் பண்ணுவான். ராசா அடிக்கமுடியாது, ஏனென்றால் அது கூத்து. அமைத்தெடுக்கும் படத்துக்கும் அந்தப் பாதுகாப்பு கொஞ்சம் உண்டு.

திருகோணமலையில் ஒன்று செய்து பார்ப்போம்

கடலுக்குள் கதிரை போட்டு ஒருவர் பேப்பர் வாசிக்கும் படம் வேண்டாம். ஒரு காலத்தில் அது விசித்திரம்; இன்று அதுவும் கல்யாண அல்பத்தில் வந்துவிட்டது. அபத்தத்துக்கு ஆயுள் குறைவு. காலிப் படச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் அப்படித்தான்.

இப்படி யோசியுங்கள். பழைய ஸ்டூடியோக்களில் பின்னால் ஒரு திரை தொங்கும்: தூண், படிக்கட்டு, பனிமலை, நீர்வீழ்ச்சி. இவ்வளவு பெரிய கடலை வைத்துக்கொண்டு, நல்ல படம் என்றால் வெளிநாட்டு நீர்வீழ்ச்சிக்கு முன்னால்தான் என்று நம்பினோம். அந்தத் திரையை டச்சு விரிகுடாக் கடற்கரைக்குக் கொண்டுபோங்கள். பழையது கிடைக்காவிட்டால் பனர் அடிக்கும் கடையில் துணியில் அடிப்பிக்கலாம். கடலுக்கு முன்னால் இரண்டு பேர் திரையைப் பிடிக்கட்டும். அதற்கு முன்னால் கதிரையில் ஒரு அம்மா, பக்கத்தில் மகன் நின்றபடி, சேர்ட்டும் சாரமும், கை கதிரைப் பிடிமேல். ஸ்டூடியோவில் நிற்பது எப்படியோ அப்படியே. திரைக்கு இரண்டு பக்கமும் உண்மைக் கடல் தெரிய வேண்டும். ஒரு வள்ளம் தெரிந்தால் இன்னும் நல்லது. திரையைப் பிடிப்பவர்களின் விரல்களும் கீழே கால்களும் தெரியட்டும், மறைக்காதீர்கள். அங்கேதான் படம் தன் சூழ்ச்சியைத் தானே சொல்கிறது.

வேலை முறை. டச்சு விரிகுடாவில் கடல் கிழக்குப் பக்கம். காலையில் எடுத்தால் சூரியன் திரைக்குப் பின்னால் நிற்கும். முகம் கறுக்கும், துணியின் இழை தெரியும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போனால் வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து மென்மையாக முகத்தில் விழும், கடலும் ஆழ்ந்த நீலமாக இருக்கும். ஆனால் கச்சான் காலத்தில் பின்னேரக் காற்று மேற்கிலிருந்து வந்து, திரையைப் பாய்போலப் புடைத்துக் கடலுக்குள் இழுக்கும். இரண்டு பக்கமும் தடி வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள், பிடிக்கப் பலமான ஆட்களைக் கூப்பிடுங்கள். மேகம் மூடிய நாள் என்றால் எந்த நேரமும் சரி.

கமராவை முக்காலியில், உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சு உயரத்தில் வையுங்கள். அடிவானம் மட்டமாக இருக்கட்டும். கைப்பேசி என்றால் அகலக் கோண வில்லையைத் தொடாதீர்கள். அது ஓரத்து ஆட்களை இழுத்து நீட்டிவிடும், உடனே பகிடிப் படமாகிவிடும். பெரிய கமரா என்றால் வெளிச்சம் நுழையும் துவாரத்தை எப்/8 அளவில் வைத்தால் அம்மாவும் திரையும் தெளிவாக விழும், வள்ளமும் ஓரளவு தெளிவாகத் தெரியும். பின்புலத்தை மங்கலாக்கும் ஆசையை இந்தப் படத்தில் விட்டுவிடுங்கள். இங்கே பின்புலம்தானே கதை. மகன் சிரிப்பை அடக்க முடியாமல் இருந்தால் காத்திருங்கள். சிரித்துச் சிரித்துக் களைத்தபின் வரும் முகம்தான் வேண்டியது.

செய்யக்கூடாத இடங்களும் உண்டு. கன்னியா வெந்நீரூற்று பார்க்க எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும், அங்கே அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய துக்கம் உங்கள் பின்புலம் அல்ல. துறைமுகம், கடற்படைத் தளம் இருக்கும் பக்கம் கமராவைத் திருப்பினால் விளக்கம் சொல்லவேண்டி வரும், 'இது அபத்தக் கலை' என்ற விளக்கம் அங்கே செல்லாது. ட்ரோன் என்றால் முன்கூட்டியே சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி எடுக்க வேண்டும்.

இதையெல்லாம் கணினியில் இரண்டு வரி தட்டிச் செய்விக்கலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம்தான். திரை, அம்மா, கடல், வேண்டுமென்றால் பச்சைப் பூனையும் சேர்த்துக் கிடைக்கும். ஆனால் அந்த அம்மா ஒருவரும் அல்ல. அவரை யாரும் கூப்பிடவில்லை, அவர் யோசித்துச் சம்மதிக்கவில்லை, கச்சானில் யாருடைய கையும் வலிக்கவில்லை. குளத்துக்குள் 40 பேர் உண்மையில் நின்றார்கள் என்பது தெரியாவிட்டால் சாங் ஹுவானின் படம் ஒன்றுமில்லை.

அப்படி உண்மையான ஆட்கள் நிற்பதாலேயே ஒரு பொறுப்பும் வருகிறது. பிறருடைய வறுமையையோ உடுப்பையோ உடலையோ விசித்திரப் பொருளாக்குவது பழைய வெள்ளைக்காரப் போட்டோக்காரர் செய்த வேலை. இந்திய ஒளிப்படக் கலைஞர் கௌரி கில் 2015 முதல் மகாராஷ்டிரத்துப் பழங்குடி மக்களோடு செய்யும் தொடர் இதற்கு மறுவழி. சடங்குக்குத் தெய்வ முகமூடி செய்யும் கலைஞர்களிடமே, இன்றைய மனிதர், விலங்கு, பொருட்கள் முகமூடிகளைக் காகிதக்கூழில் செய்யச் சொன்னார். ஊர்மக்கள் அவற்றை அணிந்துகொண்டு தங்கள் அன்றாட வேலைகளையே செய்தார்கள். எந்த முகமூடி, எந்தக் காட்சி என்பதில் அவர்களுக்கும் பங்கு இருந்தது. ஆகவே சிரிப்பு அவர்கள்மேல் விழவில்லை. அவர்களே நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

நம் ஊர் சின்ன ஊர். பேஸ்புக்கில் ஏறிய படம் பின்னேரத்துக்குள் கோயில் வீதிவரை போய்விடும். நாலு பேர் நாலு விதமாகக் கதைப்பதைக் கேட்க வேண்டியவர் படம் எடுத்தவர் அல்ல, படத்தில் நின்றவர்; பெண்பிள்ளை என்றால் அது இரட்டிப்பு. ஆகவே வெளியே விடுமுன் படத்தை அந்த அம்மாவுக்கும் மகனுக்கும் திரை பிடித்தவர்களுக்கும் காட்டுங்கள். கைப்பேசித் திரையில் அவசரமாகக் காட்டாமல், பெரிதாக அச்சடித்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். அம்மா "இது வேண்டாம் தம்பி" என்றால், வேண்டாம்தான். "அந்த நீர்வீழ்ச்சி வடிவாயிருக்கு, இன்னொரு கொப்பி தா" என்றால், இரண்டாகக் கொடுத்துவிடுங்கள்.